தேவபக்திக்கு முயற்சி: அன்றாடப் பழக்கங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சபையில் இருபது வருடத்துக்கு மேலாக ஓய்வுநாள் பாடசாலையிலும் பெண்கள் ஐக்கியத்திலும் ஊழியம் செய்துவருகிறேன். கூட்டத்துக்குள் "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் பக்கத்தில் வந்து மெல்ல, "அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்பார்கள். அப்படிக் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்தவையே இங்கே இருக்கின்றன.

ஆவிக்குரிய வாழ்க்கையில் "ஃபிட்னஸ்" என்று பேசுவது சரியா? இது இந்தக் காலத்துப் பேச்சு இல்லையா?

பேச்சு பழையது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தில், நாலாம் அதிகாரத்தில், "தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்று இருக்கிறது. நம் வேதாகமத்தில் "முயற்சிபண்ணு" என்று வரும் இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள சொல் "கும்னாட்ஸே". இன்றைக்குத் தெருவுக்குத் தெரு போர்டு மாட்டியிருக்கும் ஜிம்முக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒரே வேர். அடுத்த வசனத்தில், "சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது" என்கிறார். இதைக் காட்டி நடைப்பயிற்சியே வேண்டாம் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அற்ப பிரயோஜனம் என்றாலும் பிரயோஜனம்தானே. சர்க்கரை உள்ளவர்கள் தயவுசெய்து நடங்கள்.

பவுலுக்கு இந்த உவமை சும்மா வந்துவிடவில்லை. கொரிந்து பட்டணத்தில் ஒன்றரை வருடம் தங்கியிருந்தவர் அவர். அந்தப் பட்டணத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடக்கும். ஜெயித்தவனுக்கு இலையால் பின்னிய ஒரு கிரீடம் கொடுப்பார்கள். சில நாளில் வாடிவிடும். கொரிந்து சபைக்கு எழுதும்போது "அழிவுள்ள கிரீடம்" என்றாரே, அது இதுதான். வாடிப்போகிற இலைக்காக ஒருவன் மாதக்கணக்கில் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி, தூக்கத்தை ஒழுங்குபடுத்தி ஓடுகிறான் என்றால் நாம் எவ்வளவு செய்யலாம் என்பது அவருடைய கேள்வி.

இரட்சிப்பு கிருபையினாலே என்கிறோம். அப்படியானால் பயிற்சி எதற்கு? இது கிரியையினால் சம்பாதிக்கிற மாதிரி ஆகாதா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அவர்கள் பயப்படுவது நியாயம்தான்.

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவள் நான். கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் பாபநாசத்தில் அணையைத் திறப்பார்கள். மலையில் மழை பெய்வது எந்த விவசாயியின் சாமர்த்தியமும் இல்லை. ஆனால் தண்ணீர் வருகிறதுக்கு முன்னால் வாய்க்காலைத் தூர் வாரி வைத்திருக்கிறவன் வயலில்தான் அது ஏறும். தூர் வாரினால் மழை வரும் என்று யாரும் நினைப்பதில்லை. தூர் வாராமல் விட்டால், வந்த தண்ணீர் ஆகாயத்தாமரையில் மோதி ரோட்டுக்குப் போகும். ஜெபமும் வேதவாசிப்பும் உபவாசமும் தூர் வாருகிற வேலை. அதற்குக் கூலி கேட்க ஆரம்பிக்கிற அன்றைக்குத்தான் அது கிரியையாகிறது. இயேசு சொன்ன உவமையில், "வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன்" என்று தேவாலயத்தில் நின்று கணக்கு ஒப்பித்த பரிசேயனிடம் குறை உபவாசத்தில் இல்லை. தூரத்தில் நின்ற, வரி வசூலிக்கிற ஆயக்காரனைக் காட்டி அந்தக் கணக்கைச் சொன்னதில்தான் இருந்தது.

எங்கிருந்து தொடங்குவது? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

பத்து நிமிடம். அதுவும் முடியாது என்றால் ஐந்து.

இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஜெபிக்கிறவர்களின் சாட்சியைக் கேட்டு வந்திருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். திருமணமான புதிதில், ஆண்டுப் பிறப்பு ஆராதனை முடிந்த கையோடு, தினமும் நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் என்று தீர்மானம் எடுத்தேன். பொங்கல் வருகிறதுக்குள் நின்றுபோயிற்று. அடுத்த வருடமும் அதே தீர்மானம், அதே பொங்கல். மூன்றாவது வருடம் ஒரு வயதான உபதேசியார் ஐயாவிடம் அழுதேன். அவர் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. "காலையில எழுந்ததும் முதல்ல என்னம்மா செய்வே?" என்று கேட்டார். பாலை அடுப்பில் வைப்பேன் என்றேன். "பால் பொங்கறதுக்குள்ள ஒரு சங்கீதம் வாசி. அவ்வளவுதான். நாளைக்கு ஜாஸ்தி செய்யாதே" என்றார்.

"ஜாஸ்தி செய்யாதே" என்று அவர் சொன்னதுதான் எனக்கு மருந்தானது. ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு புதிய காரியத்தைக் கட்டிவிடுங்கள். பால் காய்ச்சுவது, பல் தேய்ப்பது, பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்காருவது, பைக்கைப் பூட்டிவிட்டு ஆபீஸ் படி ஏறுவது, எதுவானாலும் சரி. "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் அது கிடைக்காது.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று பிரசங்கங்களில்கூடச் சொல்கிறார்கள். அதை நம்பி 22-ஆம் நாள் சோர்ந்துபோனவர்கள் இருக்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2009-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே வருகிற நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்படும் என்று கணக்கிட்டார்கள். எனக்கு ஆறுதலாக இருந்தது அவர்கள் கண்ட இன்னொரு விஷயம்: நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

அதிகாலையில் ஜெபித்தால்தான் ஜெபமா?

இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு எழுதுகிறார். அதே இயேசு இராமுழுவதும் ஜெபித்ததை லூக்கா எழுதுகிறார். தானியேல் தினம் மூன்று வேளை முழங்கால் படியிட்டான். "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன்" என்கிறது 55-ஆம் சங்கீதம். நைட் டியூட்டி முடித்து வீட்டுக்கு வருகிற நர்ஸ் பிள்ளைகளிடம் நாலு மணி ஜெபத்தைப் பற்றிப் பேசிக் குற்றவுணர்வு உண்டாக்காதீர்கள் என்று சபை மூப்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கைக்குழந்தை உள்ள தாய்க்கும் இதுவே.

எங்கள் வீட்டில் தனி அறை இல்லை. "அறைவீட்டுக்குள் பிரவேசித்து, கதவைப் பூட்டி" என்பதை எப்படிச் செய்வது?

மத்தேயு 6-ல் வரும் "அறைவீடு" என்பதற்கான கிரேக்கச் சொல் தானியம், சாமான் போட்டுவைக்கும் உள்ளறையைக் குறிக்கும். அதைக் கேட்டுக்கொண்டிருந்த கலிலேயா மக்களில் பலருக்குத் தனிப் படுக்கையறை கிடையாது. ஆள் பார்க்காத இடம் வேண்டும் என்பதே விஷயம். மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சர்ச்சில் வாரநாளில் ஆளில்லாத கடைசி பெஞ்சு. எங்கள் ஐக்கியத்தில் ஒரு அம்மா சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொண்டால் பிள்ளைகள் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அது அவர்களுடைய கதவு.

ஒரு வருடத்தில் வேதாகமம் முழுவதையும் வாசிக்க முடியுமா? வாசிக்க வேண்டுமா?

முடியும். மொத்தம் 1,189 அதிகாரங்கள்: பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. வாரநாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று நம் பெரியவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். வாரத்துக்கு 23, 52 வாரத்துக்கு 1,196. ஏழு அதிகாரம் மிச்சம்கூட இருக்கும்.

ஆனால் முதல்முறை வாசிக்கிறவர்களை ஆதியாகமத்தில் தொடங்க நான் விடுவதில்லை. யாத்திராகமத்தில் கடல் பிளக்கும்வரை வேகமாகப் போவார்கள். ஆசரிப்புக்கூடாரத்தின் பலகைகளும் கொளுவிகளும் வந்ததும் நடை தளரும், லேவியராகமத்தில் நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு மாற்குவைக் கொடுங்கள். 16 அதிகாரம்தான். பிறகு புதிய ஏற்பாட்டை வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு அதிகாரம் என்று வைத்தால் 52 வாரத்தில் சரியாக 260 முடியும்; சனியும் ஞாயிறும் விட்டதைப் பிடிக்க இருக்கும். சங்கீதம் நாளுக்கு ஐந்து என்றால் 30 நாளில் 150. அதில் 119-ஆம் சங்கீதம் வருகிற நாளில் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் உட்காருங்கள், 176 வசனம்.

வேதாகம வரிகள் புரியவில்லை என்று இளம் பிள்ளைகள் சொன்னால் கோபப்படாதீர்கள். நாம் பாசத்தோடு வாசிக்கிற இந்த மொழிபெயர்ப்பு 1871-ல் வந்தது. "பிரயோஜனம்", "ஏதுவாக" எல்லாம் அவர்கள் வீட்டில் கேளாத சொற்கள். கத்தோலிக்கரும் மற்றச் சபைகளும் சேர்ந்து 1995-ல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை வாசித்துவிட்டு, பிறகு பழையதற்கு வரட்டும். எங்கள் வகுப்பில் இரண்டையும் மாறிமாறி வாசிக்கிறோம்; பழையதை இப்போது பிள்ளைகளே கேட்டு வாங்கி வாசிக்கிறார்கள்.

கையால் எழுதுவதும் நல்ல பழக்கம். ஊரடங்கு நாட்களில் நோட்டு நோட்டாக வேதாகமத்தை எழுதியவர்கள் நம் சபைகளில் உண்டு. கண் தாண்டிப் போகிற வார்த்தையைக் கை தாண்ட விடாது.

தினமும் வாட்ஸ்அப்பில் வாக்குத்தத்த வசனம் வருகிறது. அது போதாதா?

ஒரு வசனம் வருவது ஒன்றும் இல்லாததைவிட நல்லதுதான். ஆனால் அதில் ஒரு ஆபத்தைப் பார்க்கிறேன், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பூப்படத்தோடு அதிகமாக வருகிற வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பரீட்சைக்கு, விசாவுக்கு, வேலைக்கு எல்லாவற்றுக்கும் இதை அனுப்புகிறோம். இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின நிருபத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. அதற்கும் மேலே, வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், உங்களைச் சிறைபிடித்துக்கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. அந்த நிருபத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமைத் திரும்பப் பார்க்காமலே மரித்திருப்பார்கள். இவ்வளவும் தெரிந்து அந்த வசனத்தைப் பிடித்துக்கொள்கிறவருக்கு, வேலை கிடைக்காவிட்டாலும் அது கையைவிட்டுப் போகாது. படம் மட்டும் பார்த்தவர் மூன்று மாதத்தில் "கர்த்தர் பொய் சொல்லிவிட்டார்" என்று என்னிடம் வந்து அழுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அரைவசனத்தைக் கொடுத்தவர்கள் நாம்தான். அந்தச் செய்தி வந்ததும் வேதாகமத்தைத் திறந்து அந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். ஐந்து நிமிடம்.

மனப்பாடம் செய்த ஜெபத்தில் உயிர் இருக்குமா? சொந்த வார்த்தையில் ஜெபிப்பதுதானே சரி?

"வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று சொன்ன இயேசு, அடுத்த மூச்சில் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஒரு ஜெபத்தைக் கொடுக்கிறார். அதைத் தினமும் மூன்று வேளை சொல்லும்படி ஆதிச் சபையின் மிகப் பழைய ஒழுங்குநூலான திதாகே கற்பிக்கிறது. சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று அவர் கூப்பிட்டது 22-ஆம் சங்கீதம். ஆவியை ஒப்புவித்தபோது சொன்னது 31-ஆம் சங்கீதம். மூச்சு முட்டுகிற நேரத்தில் அவருக்கு வந்தது சிறுவயதில் கற்றவை.

1542-ல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த கத்தோலிக்க மிஷனரி பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் வராது. மொழி தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழில் எழுதவைத்து, கையில் மணியோடு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டில் போய்த் தாய்தகப்பனுக்குச் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கடற்கரையில் இன்றைக்கும் சாயங்காலம் வீடுவீடாக ஜெபமாலை கேட்கிறதே, அதன் ஆரம்பம் அந்த மணியோசையில் இருக்கிறது.

என் ஆச்சி மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். வசனம் ஒப்பித்தால் ஓய்வுநாள் பாடசாலையில் ஒரு கலர் சீட்டு கொடுப்பார்களாம். அதற்காகவே படித்தேன் என்பாள். கடைசி இரண்டு வருடம் அவளுக்கு ஞாபகம் முழுவதும் போய்விட்டது. பெற்ற மகளைப் பார்த்து "நீ யாரு தாயி?" என்று கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று தொடங்கினால், "நான் தாழ்ச்சியடையேன்" என்று அவள் பிடித்துக்கொண்டு கடைசிவரை கொண்டுபோவாள். ஒருமுறை நான் புது மொழிபெயர்ப்பில் சொன்னேன். "தப்பு" என்றாள்.

சொந்த வார்த்தையில் ஜெபியுங்கள். சொந்த வார்த்தை தீர்ந்துபோகிற நாளுக்கு வேறு வார்த்தையும் நெஞ்சில் சேர்த்துவையுங்கள்.

வேலை நேரத்தில் எப்படி ஜெபிப்பது?

நெகேமியாவைப் பாருங்கள். பெர்சிய ராஜாவுக்குப் பானம் பரிமாறுகிற வேலை அவருக்கு. ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன?" என்கிறான். நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்து, ராஜாவுக்குப் பதில் சொல்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஆனால் அதற்கு முன்னால் அவர் நாட்கணக்கில் உபவாசித்து ஜெபித்திருந்தார் என்று முதல் அதிகாரம் சொல்கிறது. அந்த ஒரு நொடி ஜெபத்துக்கு அந்த நாட்கள்தான் பலம்.

குடும்ப ஜெபம் நின்றுபோய்விட்டது. பிள்ளைகள் போனை விட்டு வருவதில்லை. என்ன செய்வது?

என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். பதில் பெரும்பாலும் அப்பாக்களுக்கு.

முதலில் நேரம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்தால் எல்லாருக்கும் கண் சொருகும். சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள், பசியே கூட்டிவரும். மொத்தம் பதினைந்து நிமிடம் தாண்டக் கூடாது. ஒரு கீர்த்தனை, முழுவதும் வேண்டாம், பல்லவியும் இரண்டு சரணமும். ஒரு சிறிய வேதபகுதி. ஆளுக்கு ஒரு வசனம் சுற்றிவரட்டும், எழுத்துக்கூட்டி வாசிக்கிற கடைக்குட்டி உட்பட. அவன் தப்பாக வாசித்தால் திருத்தாதீர்கள். ஆங்கில மீடியத்தில் படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வருவதே பல வீடுகளில் இந்தப் பதினைந்து நிமிடத்தில்தான்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். பல வீடுகளில் தகப்பன் ஜெபம் என்பது கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகளைத் திட்டுவது. "ஆண்டவரே, இவன் கணக்கில் வாங்கியிருக்கிற மார்க்கைப் பாரும், இவனுக்குப் புத்தியைக் கொடும்" என்று கர்த்தரிடம் கோள் சொல்வதுபோல இருக்கும். பிள்ளை அதற்குப் பதில் பேச முடியாது, கண்ணைத் திறக்கவும் முடியாது. "ஏல, ஜெபத்துக்கு வா" என்றால் அவன் ஏன் வருவான்? அவனைப் பற்றிக் கர்த்தரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். அவன் தங்கைக்குப் பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். தன் பெயர் அப்படி ஒரு ஜெபத்தில் வருவதைக் கேட்ட பிள்ளை அடுத்த நாள் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருவான்.

போன் விஷயம்: எல்லாருடைய போனும் ஒரு கூடையில், அப்பாவுடையது முதலில்.

உபவாசம் கட்டாயமா? எனக்குச் சர்க்கரை இருக்கிறது.

சர்க்கரைக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உணவை விடக் கூடாது. மாத்திரையை நிறுத்தி உபவாசிப்பது விசுவாசம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களுக்கு வேறு உபவாசங்கள் உண்டு: இறைச்சி, டீ, சீரியல், போன், புறம்பேசுவது. கடைசியில் சொன்னதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது.

முடிந்தவர்களுக்கு இது பழைய, நல்ல பழக்கம். யூதர்கள் திங்களும் வியாழனும் உபவாசித்தார்கள். ஆதிக் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் எடுத்துக்கொண்டார்கள் என்று திதாகேயில் இருக்கிறது. லெந்து காலம் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமைவரை எண்ணினால் 46 நாள் வரும். அதில் ஆறு ஞாயிறு. ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் அன்றைக்கு உபவாசம் இல்லை. மிச்சம் 40.

விட்ட சாப்பாடு எங்கே போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஏசாயா 58-ல் கர்த்தர் விரும்புகிற உபவாசம் "பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுக்கிறதும்" என்று வருகிறது. மத்தியானச் சாப்பாட்டுக் காசை எடுத்துவைத்து மாதக் கடைசியில் ஒரு வீட்டுக்கு மளிகை வாங்கிக் கொடுங்கள். ராத்திரி இரண்டு மடங்கு பிரியாணி சாப்பிட்டு முடிப்பது உபவாசத்தின் முடிவாக எனக்குத் தெரியவில்லை.

கொடுப்பதும் ஒரு பயிற்சியா?

ஆம், கையை விரிக்கிற பயிற்சி. மிசோரம் சபைப் பெண்கள் 1910-லிருந்து ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கிறார்கள். அதைச் சேர்த்து விற்ற பணத்தில் மிஷனரிகளை அனுப்பினார்கள். நம் கிராமத்துச் சபைகளிலும் பிடியரிசிக் கலயம் இருந்தது. மாதம் ஒருமுறை கவரில் போடுகிற காணிக்கை நல்லது. ஆனால் ஒவ்வொரு வேளையும் அரிசியில் கை வைக்கும்போது இன்னொருவரை நினைப்பது மனதுக்கு வேறு ஒரு பழக்கத்தைக் கொடுக்கிறது. உங்கள் சமையலறையில் ஒரு டப்பா வைத்துப் பாருங்கள்.

படுக்கப்போகுமுன் என்ன செய்யலாம்?

"உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்" என்கிறது நாலாம் சங்கீதம். கத்தோலிக்கச் சகோதரர்கள் ஆன்ம சோதனை என்று செய்வார்கள். சவேரியாரின் தோழரான இஞ்ஞாசியார் ஒழுங்குபடுத்திக் கொடுத்தது. காலையிலிருந்து நடந்ததை மனதில் ஓட்டிப் பார்ப்பது: எதற்கு நன்றி, எங்கே தவறினேன், நாளைக்கு யாரிடம் போய்ப் பேச வேண்டும். எங்கள் பக்கம் இதைப் பெரிதாகச் சொல்லிக்கொடுப்பதில்லை, அது நமக்கு நஷ்டம். நன்றியில் தொடங்குங்கள். தவறில் தொடங்கினால் தூக்கம் வராது.

ஜெபிக்கவே மனம் வரவில்லை. கர்த்தர் கேட்கிறார் என்ற உணர்வே இல்லை. நான் பின்மாறிவிட்டேனா?

இப்படிக் கேட்கிறவர் பின்மாறியிருப்பது அபூர்வம். 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் துதியில் முடியும். இது "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். அதை வாய்விட்டு வாசித்தால் அன்றைக்கு அதுவே ஜெபம்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாகவேண்டும் என்று கேட்டபோது தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டார், தூங்கினார், திரும்பவும் சாப்பிட்டார். ஓரேப் மலையில் கர்த்தர் அவரோடு பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். முதலில் தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா என்று பாருங்கள். வாரக்கணக்கில் இருட்டாகவே இருந்தால், சாவைப் பற்றிய எண்ணம் வந்தால், வீட்டில் ஒருவரிடம் சொல்லி உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவும் அடையும் தண்ணீரும்தான். மனச்சோர்வை விசுவாசக் குறைவு என்று சொல்லி ஒரு பிள்ளையை மாதக்கணக்கில் ஜெபக்கூட்டங்களுக்கு மட்டும் கூட்டிப்போனதைப் பார்த்திருக்கிறேன். அப்போது நானும் வாய் திறக்கவில்லை. அது இன்றுவரை என் நெஞ்சில் பாரமாக இருக்கிறது.

ஒரு மாதமாக எல்லாம் விட்டுப்போயிற்று. எப்படித் திரும்பத் தொடங்குவது?

விட்டதற்குச் சேர்த்து வாசிக்காதீர்கள். இன்றைய அதிகாரத்தைத் திறங்கள்.

நான் வளர்கிறேனா என்று எப்படித் தெரியும்?

எத்தனை அதிகாரம் முடித்தேன் என்பதை வைத்துத் தெரியாது. உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவரிடம் கேளுங்கள். முன்பெல்லாம் என் வீட்டுக்காரரோடு ஒரு சண்டை வந்தால் மூன்று நாள் பேசாமல் இருப்பேன். தோசையை மட்டும் தட்டில் வைத்துவிட்டுப் போவேன். இப்போது சாயங்காலத்துக்குள் பேச்சு வந்துவிடுகிறது. சண்டை நிற்கவில்லை, இடைவெளி குறைந்திருக்கிறது. அதைக் கவனித்தவர் அவர்தான், எனக்குத் தெரியவில்லை.

வயதாகிவிட்டது, படுத்த படுக்கை. கண்ணும் தெரியவில்லை. இனி எனக்கு என்ன பயிற்சி?

டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். அதற்குப் பிறகு, 1951-ல் மரிக்கும்வரை, ஏறத்தாழ இருபது வருடம் பெரும்பாலும் ஒரே அறையில்தான் இருந்தார். பிள்ளைகள் அந்த அறைக்கு வந்தார்கள், அங்கிருந்து கடிதங்கள் போயின, புத்தகங்கள் எழுதப்பட்டன. ஓடியாடிச் செய்த ஊழியத்துக்குச் சமமாக அந்தக் கட்டிலின் ஊழியமும் இருந்தது.

உங்களால் எழுத முடியாது என்றால் பேத்தியைக் கூப்பிட்டு ஒரு தாளில் ஐந்து பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். யாருடைய பெயர் என்பதை நீங்கள் சொல்லுங்கள். காலையில் காப்பி கொண்டுவரும்போது அவள் அதை வாசித்துக்காட்டட்டும். அவள் பள்ளிக்கூடம் போனபிறகு ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவதாக அவள் தன் பெயரையும் எழுதட்டுமா என்று கேட்பாள். எழுதச் சொல்லுங்கள்.